அடிபடும் தாய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணை

கிராம நலம் என்பது சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், மின்விளக்கு ஆகியவற்றோடு முடிந்துவிடுவதன்று. இவ்வசதிகள் யாவும் வந்து சேர்ந்த ஊரிலும், இரவில் கதவு சாத்தப்பட்ட பின் ஒரு வீட்டினுள் தாய் ஒருத்தி அடிபட்டு அழுவாளாயின், அவ்வீட்டைப் பொறுத்தவரை அபிவிருத்தி இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை என்றே கூறவேண்டும்.

“அது அவர்கள் குடும்ப விஷயம், நமக்கு ஏன் வம்பு?” என்று ஒதுங்குவது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். அண்டை வீட்டார் ஒதுங்கலாம், உறவினர் ஒதுங்கலாம். ஆனால் அத்தாயின் காயத்தைக் கழுவி மருந்திடும் செவிலியரும், அவளது கருவின் வளர்ச்சியைச் சோதிக்கும் மருத்துவரும் அவ்வாறு ஒதுங்க இயலாது. காயத்துக்கு மருந்திட்டு, அதன் காரணத்தைக் கேளாமல் அனுப்புவது அரைச் சிகிச்சையே ஆகும். ஆரம்ப சுகாதார நிலையமும் அதன் கீழுள்ள துணைச் சுகாதார நிலையங்களும் இத்தாய்மார்களுக்கு எவ்வகையில் துணை நிற்கலாம், சட்டம் அவற்றின் மீது என்ன கடமையைச் சுமத்தியுள்ளது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடுமையின் அளவு

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு இதுபற்றி நமக்குச் சில கணக்குகளைத் தந்துள்ளது. 18 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட மணமான பெண்களில், கணவனால் எப்போதேனும் உடல் வகையிலோ பாலியல் வகையிலோ கொடுமைக்கு உள்ளானவர் நாடு முழுவதிலும் 100க்கு 29 பேர். தமிழ்நாட்டில் இது 100க்கு 38 பேர். கல்வியிலும் மகப்பேற்று வசதியிலும் முன்னேறிய மாநிலம் எனப் பெருமை கொள்ளும் நாம், இக்கணக்கைக் கண்டு நாணவேண்டியவர்களாக இருக்கிறோம். கருவுற்றிருந்த காலத்திலேயே அடிபட்டதாகக் கூறியவர் நாட்டில் 100க்கு 3 பேர்.

இதே ஆய்வு கூறும் மற்றொரு செய்தி இதைவிடக் கவலை தருவது. கொடுமைக்கு உள்ளான பெண்களில் 100க்கு 77 பேர் எவரிடமும் உதவி கோரவில்லை. நடந்ததை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. உதவி நாடியவர் 100க்கு 14 பேர் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் தாய்வீட்டாரை நாடினரேயன்றி, காவல் நிலையத்தையோ மருத்துவரையோ நாடியவர் மிகச் சிலரே.

தாய்க்கும் சேய்க்கும் நேரும் கேடு

கருவுற்ற பெண்ணுக்கு விழும் அடி ஓருடலோடு நிற்பதில்லை. வயிற்றில் படும் உதையினால் கருச்சிதைவும் உதிரப்போக்கும் நேரலாம். நாள் நிறையுமுன் பிரசவம் ஆகலாம். குழந்தை இரண்டரை கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறக்கலாம். அடி விழாத நாட்களிலும் அச்சம் தொடர்கிறது. அச்சத்தில் வாழும் தாய்க்கு உறக்கம் குறைகிறது, உணவு செல்வதில்லை. இரும்புச் சத்து மாத்திரைகளைக் கொடுத்தாலும் அவற்றை ஒழுங்காக உட்கொள்ளும் மனநிலை இருப்பதில்லை. பரிசோதனைக்குத் தாமதித்து வருகிறாள். சில மாதங்கள் வராமலே இருந்துவிடுகிறாள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இத்தகைய தாய்மாரிடையே மிகுதி. தாய்ப்பால் ஊட்டுவதும் அதனால் தடைப்படுகிறது.

வளரும் குழந்தைகளும் தப்புவதில்லை. தாய் அடிபடுவதைக் கண்டு வளரும் சிறுவர் இரவில் அலறி எழுவதும், படுக்கையில் சிறுநீர் கழிப்பதும், பள்ளியில் மந்தமாகவோ முரடாகவோ நடப்பதும் உண்டு. ஆதலால் தாய்சேய் நலப் பணியின் பயன் முழுமையாகக் கிட்ட வேண்டுமாயின், இக்கேட்டைப் புறக்கணித்தல் ஆகாது.

சுகாதார நிலையத்துக்கே உரிய வாய்ப்பு

கொடுமைக்கு உள்ளான பெண் காவல் நிலையத்துக்குப் போனால் ஊர் முழுவதும் பேசும். வழக்கறிஞரைக் காணப் போனால் வீட்டில் புயல் கிளம்பும். தாய்வீட்டுக்குப் போவதற்கும் கணவனின் அனுமதி வேண்டியிருக்கும். ஆனால் சுகாதார நிலையத்துக்குப் போவதற்கு அவள் எவருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கருவுற்ற நாள் முதல் அது அவள் வழக்கமாகச் சென்றுவரும் இடம்.

இவ்வாய்ப்பு எத்தனை முறை கிட்டுகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். கர்ப்ப காலத்தில் பலமுறை பரிசோதனை, பின்னர் பிரசவம், அதன்பின் குழந்தைக்கு 6, 10, 14 ஆகிய வாரங்களில் தடுப்பூசி, மீண்டும் 9 ஆம் மாதத்திலும், ஒன்றரை வயதை ஒட்டியும், 5 வயதிலும் தடுப்பூசி. ஆக, ஆறு ஆண்டு காலம் ஒரு தாய் அரசின் சுகாதார ஊழியரைத் திரும்பத் திரும்பச் சந்திக்கிறாள். வேறெந்த இலாகாவுக்கும் கிட்டாத சந்தர்ப்பம் இது.

சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கும், மலைப் பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது நாட்டின் ஏற்பாடு. அங்குப் பணிபுரியும் கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகச் செல்பவர். எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் என்பதை அறிந்தவர். 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும் இவ்வாறே இல்லந்தோறும் செல்கின்றனர். இவர்கள் கண்ணில் படாத துயரம் கிராமத்தில் அரிது. கண்ணில் பட்ட பின் செய்யவேண்டுவது யாது என்பதைத் தெரிந்துகொள்வதே தேவை.

அடையாளங்கள்

கொடுமைக்கு உள்ளான தாய் தானாக அதைச் சொல்வதில்லை. “கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன்”, “கதவு இடித்துவிட்டது” என்றே பெரும்பாலும் கூறுவாள். கேட்போர் கவனிக்கத்தக்க அடையாளங்கள் சில உள.

காயத்துக்கும் கூறப்படும் காரணத்துக்கும் பொருத்தமின்மை முதலாவது. வழுக்கி விழுந்தவருக்கு முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு உண்டாகும். கன்னத்திலும் கழுத்திலும் மேற்கையின் உட்புறத்திலும் வயிற்றிலும் கன்றிப்போதல் இயல்பன்று. பழைய காயமும் புதிய காயமும் ஒருங்கே காணப்படுதல், காயம்பட்டுப் பல நாள் கழித்து வருதல், அடிக்கடி தலைவலி, அடிவயிற்று வலி, உறக்கமின்மை என்று வந்து காரணம் புலப்படாமை, விரும்பாத கர்ப்பம் மீண்டும் மீண்டும் தரித்தல், உயிரை விட முயலுதல் ஆகியவையும் அடையாளங்களே. உடன் வந்த கணவனோ மாமியாரோ அவளைத் தனியே விட மறுப்பதும், கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் சார்பில் தாமே விடை கூறுவதும் கவனிக்கத்தக்கன.

இவற்றுள் ஒன்றைக் கொண்டே முடிவு கட்டிவிடுதல் கூடாது. இவை ஐயத்துக்கு இடம் தருவனவேயன்றித் தீர்ப்பு அல்ல. ஐயம் தோன்றிய இடத்தில் கேட்பதே முறை.

கேட்கும் முறை

முதல் விதி, தனிமையில் கேட்பது. கணவன், மாமியார், நாத்தனார் ஆகியோர் எதிரில் மட்டுமல்ல. பேசத் தெரிந்த குழந்தையின் எதிரிலும் கேட்கலாகாது. குழந்தை வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிடும். தனிமையை உண்டாக்கச் சுகாதார நிலையத்தில் வழிகள் பல. எடை பார்க்கவும் வயிற்றைச் சோதிக்கவும் உள்ளறைக்கு அழைக்கும்போது உடன் வந்தோரை வெளியே இருக்கச் சொல்வது எவருக்கும் ஐயம் தராது. அத்தகைய தனிமை கிட்டாவிட்டால் அன்று கேட்காமல் விடுவதே நலம். மற்றொரு நாள் வரச் சொல்லலாம்.

இரண்டாவது விதி, குற்றம் சாட்டாமல் கேட்பது. “உன் வீட்டுக்காரர் அடிக்கிறாரா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால், “இல்லை” என்ற விடையே வரும். “இங்கு வரும் தாய்மார்களில் சிலர் வீட்டில் அடியும் ஏச்சும் பட்டு வருந்துகிறார்கள். அது உடம்பையும் பாதிக்கும் என்பதால் கேட்கிறேன் அம்மா, உனக்கு அப்படி ஏதேனும் கஷ்டம் உண்டா? வீட்டில் யாரைக் கண்டாவது பயமாக இருக்கிறதா?” என்று கேட்டால், தான் ஒருத்தி மட்டும் அவமானத்துக்கு உரியவள் அல்லள் என்ற தெம்பு அவளுக்குப் பிறக்கும்.

“இல்லை” என்று அவள் கூறினால் வற்புறுத்தலாகாது. “நல்லது அம்மா. என்றைக்காவது சொல்லவேண்டும் என்று தோன்றினால் என்னிடம் சொல்லலாம்” என்று கூறி விடுதல் போதும். இன்று வாய் திறவாதவள் மூன்றாவது தடுப்பூசிக்கு வரும்போது சொல்லக்கூடும். கதவு திறந்திருக்கிறது என்பதை அவள் அறிந்திருந்தாலே போதுமானது.

ஐந்து கடமைகள்

உலக சுகாதார நிறுவனம் 2013 ஆம் ஆண்டில் மருத்துவ ஊழியர்களுக்கான வழிகாட்டும் நெறிகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் கையேடு ஒன்றையும் தந்தது. அவற்றில் கூறப்படும் முதலுதவி ஐந்து பகுதிகளைக் கொண்டது. மருந்தும் கருவியும் வேண்டாத முதலுதவி இது.

முதலாவது, கேட்டுக்கொள்ளுதல். குறுக்கே பேசாமல், கடிகாரத்தைப் பார்க்காமல், அவள் சொல்வதைச் செவிமடுத்தல். இரண்டாவது, தேவையை விசாரித்தல். அவளுக்கு இன்று வேண்டுவது என்ன என்பதை அவளிடமே அறிதல். அது காயத்துக்கு மருந்தாக இருக்கலாம். இன்றிரவு தங்க இடமாக இருக்கலாம். குழந்தைக்குப் பால் வாங்கப் பணமாகவும் இருக்கலாம். மூன்றாவது, நம்பிக்கை தருதல். “இதில் உன் குற்றம் ஒன்றுமில்லை. அடிபடவேண்டும் என்று எவருக்கும் விதியில்லை” என்னும் இரு வாக்கியங்கள், பல ஆண்டுகளாகத் தன்னையே நொந்துகொண்டிருந்தவளுக்கு அருமருந்தாகும். நான்காவது, பாதுகாப்பைப் பெருக்குதல். ஐந்தாவது, பிற உதவிகளோடு இணைத்துவிடுதல்.

செய்யத்தகாதனவும் உண்டு. “கொஞ்சம் பொறுத்துப் போ அம்மா, எல்லா வீட்டிலும் இருப்பதுதான்” என்று அறிவுரை கூறுவது அவள் வாயை மீண்டும் அடைப்பதாகும். “உடனே வீட்டை விட்டு வெளியேறு” என்று கட்டளையிடுவதும் தவறு. எப்போது வெளியேறுவது, வெளியேறுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவளே. ஏனெனில் விளைவைத் தாங்குபவளும் அவளே. எல்லாவற்றினும் பெருந்தவறு, கணவனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்ல முற்படுவது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இக்காரியத்தினால், “வெளியில் போய்ச் சொல்லிவிட்டாயா?” என்று அன்றிரவே அவளுக்கு இரட்டிப்பு அடி விழும்.

“குடிதான் காரணம், குடியை நிறுத்தினால் போதும்” என்னும் எண்ணமும் பலரிடம் உண்டு. குடி கொடுமையைப் பெருக்குகிறது என்பது உண்மையே. ஆயினும் குடித்தும் அடியாதவர் உளர். குடியாமலே அடிப்பவரும் உளர். குடித்தவனும் தெருவில் தன்னைவிட வலியவனை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியையே அடிக்கிறான். ஆதலால் குடிநோய்க்குச் சிகிச்சை அளித்தல் வேண்டும்; தாயின் பாதுகாப்பை அதன் முடிவுக்குக் காத்திருக்கச் செய்தல் ஆகாது.

ஆபத்தை அளந்தறிதல்

வீடு திரும்புவது இன்று அவளுக்கு அபாயமா என்பதை அறிய, மேற்சொன்ன கையேடு ஆறு கேள்விகளைத் தருகிறது. கடந்த ஆறு மாதங்களில் அடி அதிகமாகியிருக்கிறதா? ஆயுதம் எடுத்தோ, எடுப்பதாக மிரட்டியோ உள்ளானா? கழுத்தை நெரித்தது உண்டா? உன்னைக் கொன்றுவிடுவான் என்று நீ எண்ணுகிறாயா? கருவுற்றிருந்தபோது அடித்தானா? ஓயாமல் சந்தேகித்து மூர்க்கமாக நடக்கிறானா? இவற்றுள் மூன்றுக்கேனும் “ஆம்” என்ற விடை வருமாயின் ஆபத்து மிகுதி எனக் கொள்ளவேண்டும்.

கழுத்தை நெரித்தலைப் பற்றித் தனியே ஒரு சொல். வெளியே தழும்பு ஏதும் இல்லாமலே உள்ளே இரத்தக் குழாய்க்கும் குரல்வளைக்கும் சேதம் நேர்ந்திருக்கலாம். குரல் கம்முதல், விழுங்க முடியாமை, கண்ணில் இரத்தப் புள்ளிகள், நினைவு தப்பியமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதமின்றி 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் அவசியம்.

விருப்பத்துக்கு மாறாக உறவு கொள்ளப்பட்டிருந்தால், கர்ப்பம் தரியாதிருக்க 5 நாட்களுக்குள்ளும், எச்.ஐ.வி. தொற்றாதிருக்க 72 மணி நேரத்துக்குள்ளும் மருந்து தொடங்கப்படவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பின் அன்றே மருத்துவர் பார்க்கவேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

வீட்டுக்கே திரும்ப விரும்பும் தாயிடம் சில முன்னேற்பாடுகளைப் பேசி வைக்கலாம். சண்டை மூளும்போது அரிவாள்மனையும் அடுப்பும் உள்ள சமையலறையை விட்டு வாசல் பக்கம் வந்துவிடுதல்; குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்று ஆகியவற்றை நம்பகமான ஒருவர் வீட்டில் வைத்தல்; கூச்சல் கேட்டால் உடனே வருமாறு அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவரிடம் சொல்லி வைத்தல்; 181 என்னும் மகளிர் உதவி எண்ணை மனத்தில் பதித்துக்கொள்ளுதல். எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தல் கூடாது. அது யார் கையில் சிக்கும் என்பது தெரியாது. மூன்று இலக்கங்களை நினைவில் வைத்தல் எவருக்கும் எளிது.

எழுதி வைத்தலின் அருமை

“கீழே விழுந்ததாகக் கூறுகிறார்” என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் பின்னொரு நாள் அத்தாய் நீதிமன்றத்தின் முன் நிற்கும்போது, அவள் பக்கம் பேசக்கூடிய சாட்சி பெரும்பாலும் அந்த ஏடு ஒன்றே. வீட்டுக்குள் நடந்ததைக் கண்ட பிறர் இலர். கண்ட குழந்தையோ சிறிது. ஆதலால் காயம் எந்த இடத்தில், எந்த அளவில், எந்த நிறத்தில் உள்ளது என்பதை மருத்துவர் விளக்கமாக எழுதவேண்டும். யாரால், எதனால், எப்போது என்று அவள் கூறியதை அவள் சொற்களிலேயே எழுதவேண்டும். கூறப்பட்ட காரணம் காயத்துக்குப் பொருந்தாவிடில் அதனையும் குறிக்கலாம். கடுங்காயமாயின் விபத்துப் பதிவேட்டில் முறைப்படி பதிதல் வேண்டும். தாய் 18 வயது நிரம்பாதவளாயின், 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தருவது கட்டாயம் என்பதை அவளுக்கு முன்கூட்டியே விளக்கிவிடவேண்டும்.

எங்கு எழுதுவது என்பதும் எண்ணத்தக்கது. தாய்சேய் நல அட்டையும் வெளிநோயாளர் சீட்டும் அவளோடு வீட்டுக்குப் போவன. அவற்றில் இதை எழுதினால் கணவன் படிப்பான். ஆதலால் விவரங்களை நிலையத்தில் இருக்கும் ஏட்டில் எழுதி, பூட்டி வைத்தல் வேண்டும். நிலையத்தின் மற்ற ஊழியரும், துப்புரவுப் பணியாளர் முதல் மருந்தாளுநர் வரை, இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். ஒரே ஊரில் உறவும் பகையும் பின்னிக் கிடப்பதால், ஒரு சொல் வெளிவந்தாலும் அந்நிலையத்தை நம்பி இனி எத்தாயும் வாய் திறவாள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டுமன்றி, பாலியல் கொடுமை, இழிசொல்லால் புண்படுத்துதல், பணத்தையும் உடைமையையும் பறித்துக்கொள்ளுதல் ஆகியவையும் இச்சட்டத்தின்படி வன்முறையே. மகப்பேற்று உதவியாக வந்த தொகையைத் தாயிடமிருந்து பிடுங்கிக்கொள்வதும் இதில் அடங்கும். மனைவிக்கு மட்டுமல்ல, மகனால் துன்புறும் வயது முதிர்ந்த தாய்க்கும் இச்சட்டம் துணை நிற்கிறது.

“சட்டத்தை நாடினால் என் புருஷனைச் சிறையில் போட்டுவிடுவார்கள், என் குழந்தைகளுக்குச் சோறு யார் போடுவார்?” என்று அஞ்சியே பல தாய்மார் வாய் மூடியிருக்கின்றனர். இச்சட்டத்தின் நோக்கம் முதலில் சிறைக்கு அனுப்புவதன்று, காப்பாற்றுவதே. இனி அடிக்கக்கூடாது என்று தடையாணை, வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது என்று குடியிருப்பு ஆணை, செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தாயிடம் ஒப்படைத்தல், நஷ்ட ஈடு ஆகியவற்றை நீதித்துறை நடுவர் வழங்கலாம். மனு கிடைத்த 3 நாட்களுக்குள் சாதாரணமாக முதல் விசாரணை நடைபெறவேண்டும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். அவசரமாயின் இடைக்கால ஆணையும் உண்டு. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையும் 20,000 ரூபாய் வரை அபராதமும் வருகின்றன. குற்ற வழக்கே வேண்டுமென விரும்புவோர்க்கு, கணவனின் கொடுமையைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85 ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498-அ பிரிவாக இருந்தது இதுவே.

மருத்துவ நிலையத்தின் கடமையையும் 2005 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் தெளிவாக வகுத்துள்ளன. உதவி கோரி வரும் பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தே ஆகவேண்டும். முன்னதாகப் புகார் அறிக்கை ஏதும் எழுதப்படவில்லை என்று காரணம் காட்டித் திருப்பி அனுப்பலாகாது. குடும்ப நிகழ்வு அறிக்கை அதுவரை எழுதப்படாதிருப்பின், நிலையப் பொறுப்பாளரே அதனை முதல் படிவத்தில் எழுதிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பவேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அப்பெண்ணுக்குக் கட்டணமின்றித் தரவேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்த எவர் மீதும் அதன் காரணமாக வழக்குத் தொடுக்க முடியாது. ஆகவே, “நாளை நம்மைக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள்” என்ற அச்சம் ஊழியருக்குத் தேவையில்லை.

பாதுகாப்பு அலுவலர் மாவட்ட அளவில் சமூக நலத் துறையின் கீழ்ப் பணிபுரிகிறார். மாவட்டத்தில் ‘சகி’ எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவ உதவி, ஆலோசனை, சட்ட உதவி, காவல் துறையின் துணை, சில நாட்கள் தங்குமிடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி அளிக்க 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்திருக்கிறது. இவ்வலுவலகங்களின் தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரின் மேசையில் ஒட்டி வைத்தல், ஒரு நாளும் வீண்போகாத வேலை. அவள் சம்மதித்தால், நிலையத்தின் தொலைபேசியிலிருந்தே, அவள் அருகிலிருக்கும்போதே பேசிவிடுதல் சிறப்பு. “நீயே போய்ப் பார்” என்று அனுப்பப்படுவோர் பாதி வழியில் திரும்பிவிடுவதே இயல்பு.

பிற இடங்களின் அனுபவம்

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை என்று எண்ணுவோர்க்குப் பம்பாயின் அனுபவம் விடை தருகிறது. 2000 ஆம் ஆண்டில், பாந்த்ரா பகுதியிலுள்ள மாநகராட்சி மருத்துவமனையில், மாநகராட்சியும் செஹாத் என்னும் ஆய்வு நிறுவனமும் இணைந்து ‘திலாசா’ என்னும் உதவி மையத்தை ஏற்படுத்தின. ஆறுதல் என்பது அச்சொல்லின் பொருள். மருத்துவமனை ஊழியர்களையே பயிற்றுவித்து நடத்தப்பட்ட அம்மையம், பின்னர் அம்மாநகரின் வேறு பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. அண்டையிலுள்ள கேரள மாநிலத்திலும் அரசு மருத்துவமனைகளில் ‘பூமிகா’ என்னும் மையங்கள் ஏற்படுத்தப்பட்டுள்ளன.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்த முயற்சி நமது கிராமங்களுக்கு இன்னும் நெருங்கியது. கருவுற்றோ, 5 வயதுக்குட்பட்ட குழந்தையுடனோ இருந்த தாய்மார்களில் கொடுமைக்கு உள்ளானோரைக் குடும்ப மருத்துவர்களும் தாய்சேய் நலச் செவிலியரும் கண்டறிந்து அனுப்பினர். பயிற்சி பெற்ற உள்ளூர்த் தாய்மார்கள் ஓராண்டு வரை அவர்களுக்குத் தோழியராக இருந்து துணை செய்தனர். 2011 ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகள், அத்துணையைப் பெற்ற தாய்மாரிடையே கொடுமை குறையும் போக்கைக் காட்டின. பட்டம் பெற்ற நிபுணர் அல்லர். தாயின் நிலையைத் தாயாக இருந்து அறிந்த பெண்களே இப்பணியைச் செய்தனர் என்பது கருதத்தக்கது.

நம்மிடம் இத்தகைய பெண்களுக்குப் பஞ்சமில்லை. 1989 ஆம் ஆண்டில் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உள்ளன. குழுவில் நிதானமும் நாவடக்கமும் உள்ள இரண்டொரு பெண்மணிகளைத் தேர்ந்து, செவிலியரின் வழிகாட்டலில் பயிற்றுவித்தால், வெளியே சொல்லத் தயங்கும் தாய்க்குத் துணையாகப் பாதுகாப்பு அலுவலரிடமும் நீதிமன்றத்துக்கும் உடன் செல்ல ஆள் கிடைக்கும்.

ஊரார் கடமை

ஊராட்சித் தலைவரும் உறுப்பினரும் இதில் ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். புகார் கூறிய பெண்ணைச் சபையில் நிறுத்தி, “இனி அடிக்கமாட்டேன்” என்று கணவனிடம் சொல் வாங்கி அனுப்பிவிடுதல் நீதியும் அன்று, சமாதானமும் அன்று. அவர்கள் செய்யத்தக்கது வேறு. கிராம சபைக் கூட்டத்தில் இச்சட்டத்தை விளக்கச் செய்தல். 181 என்ற எண்ணைத் துணைச் சுகாதார நிலையத்தின் சுவரிலும், பெண்கள் மட்டும் செல்லும் கழிப்பறையின் உட்புறத்திலும் எழுதி வைத்தல். துணை நிலையத்தில் தனிமையாகப் பேச ஒரு தடுப்பறை இல்லையேல் அதனை அமைத்துத் தருதல். ஒரு திரைச்சீலையும் இரண்டு நாற்காலிகளும் ஊராட்சியின் நிதிக்குப் பெரிய பாரமல்ல.

கருவுற்ற தாயின் இரத்த அழுத்தத்தை நாம் ஒவ்வொரு முறையும் அளக்கிறோம், எடையைக் குறிக்கிறோம், இரத்தச் சோகை உண்டா என்று கண் இமையை விலக்கிப் பார்க்கிறோம். அவள் அச்சமின்றி உறங்குகிறாளா என்பதையும் கேட்கும் நாளில்தான் அப்பரிசோதனை நிறைவு பெறும். அதற்கு வேண்டுவன ஐந்து நிமிட நேரமும், ஒரு மூடிய கதவும், கேட்டதைக் காக்கும் நாவுமே. இம்மூன்றும் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் கிடைக்குமாறு செய்வது ஊழியர், ஊராட்சியார், ஊரார் அனைவரின் பொறுப்பாகும்.